பூவில் மயங்காதீர்கள்! வாவியை விழுங்கும் ஆற்றுவாழை



பெருநாள் அன்று அஸருக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாவிக்கரைக்குப் போகாத குடும்பம் நம் பகுதியில் உண்டா? புத்தாடை கசங்கினாலும் பரவாயில்லை, அந்தக் குளிர்ந்த காற்றுக்காகவே நாம் போய் உட்காருகிறோம். பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருக்க, சின்னவர்கள் தண்ணீர் ஓரத்தில் ஓடித் திரிவார்கள். சில வருடங்களில் ஒரு புதுக்காட்சியும் சேர்ந்துகொள்ளும். கரையோரம் முழுக்கப் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் செடிகள். அவற்றின் மேல் இளம் ஊதாநிறப் பூங்கொத்துகள். ஒவ்வொரு பூவின் மேல் இதழிலும் மயிலிறகின் கண்ணைப் போல் ஒரு மஞ்சள் பொட்டு!

"உம்மா, இதுல ஒன்ட ஊட்டுக்குக் கொண்டு போவமா? மீன் தொட்டிக்குள்ள போடலாம்" என்று உங்கள் மகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "சரி மகள், எடுத்து வா" என்றுதானே? ஒரு சின்னச் செடிதானே, அதனால் என்ன வந்துவிடப் போகிறது?

சகோதரிகளே, நூறு வருடங்களுக்கு முன் இதே நினைப்பில் கொண்டுவரப்பட்ட ஒரு செடிதான் இன்று நம் நாட்டின் குளங்களையும் கால்வாய்களையும் வாவிகளையும் மூச்சுத் திணற வைக்கிறது. அதன் கதையை அறிந்துகொள்ளுங்கள். பிறகு மகளுக்கு என்ன பதில் சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

விருந்தாளியாக வந்து வீட்டைப் பிடித்தவை

நாம் ஆற்றுவாழை என்று சொல்லும் இந்தச் செடியின் பிறந்த ஊர் தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பகுதி. தமிழ்நாட்டில் இதையே ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை என்றெல்லாம் அழைக்கிறார்கள். அடித்தண்டு காற்று நிறைந்து வெங்காயம்போல் உப்பியிருப்பதால் அந்தப் பெயர். அந்தக் காற்றுப் பையின் உதவியால்தான் அது மூழ்காமல் மிதக்கிறது.

இலங்கைக்கு இது வந்தது 1905ஆம் ஆண்டளவில். அப்போது ஆளுநராக இருந்த ஹென்றி பிளேக்கின் மனைவி, பூவின் அழகில் மயங்கிக் கொழும்புக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. அவர் செடிகளையும் பூக்களையும் ஓவியமாகத் தீட்டுவதில் வல்லவர். ஆனால் நான்கே வருடங்களில், 1909இல், இந்தச் செடியைத் தடுப்பதற்கென்றே அரசாங்கம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று! ஒரு பூச்செடிக்கு எதிராகச் சட்டம் என்றால், அது எந்த வேகத்தில் பரவியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு ஒரு கூட்டாளியும் உண்டு. அதன் பெயர் சல்வீனியா. நம் ஊர்களில் சல்பீனியா என்றும் சொல்வார்கள். சின்னச் சின்ன இலைகள், மேற்பரப்பில் மெல்லிய மயிர்கள், நீரில் ஒட்டாத தன்மை. ஒன்றோடொன்று பின்னித் தடித்த பாயாகிவிடும். பிறப்பிடம் பிரேஸில். இது 1939இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பகுதிக்கு ஆராய்ச்சிக்காகக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து தப்பி வெளியேறி, 1950களின் நடுப்பகுதிக்குள் 20 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நெல்வயல்களுக்குள் புகுந்துவிட்டது.

அழகுக்காக வந்தது ஒன்று, அறிவுக்காக வந்தது மற்றது. கெட்ட எண்ணத்தோடு எவரும் கொண்டுவரவில்லை. ஆனாலும் விளைவு நம் தலையில்!

ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி...

ஆற்றுவாழை பெருகும் விதத்தை ஒரு வீட்டுக் கணக்காகவே பார்ப்போம். நல்ல வெயிலும் சத்துள்ள தண்ணீரும் கிடைத்தால் ஒரு செடி ஏறத்தாழ இரண்டு கிழமையில் இரண்டாகிவிடும். தாய்ச்செடியிலிருந்து கொடிபோல் ஒரு தண்டு நீண்டு, அதன் நுனியில் குட்டிச்செடி பிறக்கும். இரண்டு நாலாகும். நாலு எட்டாகும். பத்து முறை இப்படி இரட்டித்தால் 1,024 செடிகள்! அதற்கு ஐந்து மாதம்கூடத் தேவையில்லை.

சல்வீனியா இதைவிட வேகம். அதற்கு விதையே கிடையாது. ஆனால் ஒரு சிறு துண்டு போதும், அதிலிருந்து புதுச்செடி முளைத்துவிடும். தோணியின் அடியிலோ, வலையின் கண்ணிலோ, மாட்டின் காலிலோ ஒட்டிக்கொண்டு ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் பயணம் செய்யும்.

ஆற்றுவாழைக்கோ விதையும் உண்டு. பூத்து முடிந்ததும் பூந்தண்டு வளைந்து, விதைகளைத் தண்ணீருக்குள் உதிர்க்கும். அந்த விதைகள் சேற்றுக்குள் 15, 20 வருடங்கள்கூட உயிரோடு உறங்கும் வல்லமை உள்ளவை. தண்ணீர் வற்றி வெயில் பட்டால் முளைத்து வரும். ஆகவே, "போன வருஷம்தானே துப்புரவாக்கினோம், எப்படித் திரும்பி வந்தது?" என்று வியக்க வேண்டாம். அது எங்கும் போகவில்லை. காலடியிலேயே காத்துக் கிடந்தது.

நம் வாவியின் நிலை என்ன?

மட்டக்களப்பு வாவி இலங்கையின் மூன்றாவது பெரிய வாவி. வடக்கே ஏறாவூரிலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. காத்தான்குடி, கல்முனை போன்ற ஊர்களின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாவி கடலோடு சேரும் வாய்கள் இரண்டு. ஒன்று பாலமீன்மடு முகத்துவாரம், மற்றது பெரியகல்லாறு.

இந்த முகத்துவாரங்களில்தான் விஷயம் இருக்கிறது, சகோதரிகளே. கடல் நீரில் ஒரு லீற்றருக்கு சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவு உப்பு வாவித் தண்ணீரில் ஏறினாலே ஆற்றுவாழை வாடத் தொடங்கும். சல்வீனியாவும் அப்படியே. ஆகவே முகத்துவாரத்துக்கு அருகே, உப்புக் கலந்த தண்ணீரில், இவை நிலைத்து நிற்க முடியாது. ஆனால் வாவியின் தெற்குப் பகுதியிலும், வாவியில் வந்து விழும் ஆறுகளிலும், வயல் வாய்க்கால்களிலும் இருப்பது நன்னீர். அதுதான் இவற்றின் வளர்ப்பு வீடு. வரட்சிக் காலத்தில் மணல் திட்டு எழுந்து வாய் அடைபட்டால் கடல் நீர் உள்ளே வராது. உப்பு குறையக் குறையச் செடிகளுக்குக் கொண்டாட்டம்.

பிறகு மாரி மழை தொடங்கும். வெள்ளம் பெருகிப் பாயும். அதுவரை மூலை முடுக்குகளில் வளர்ந்த செடிகள் எல்லாம் தீவுகள்போல் பெயர்ந்து மிதந்து வந்து பாலங்களின் தூண்களில் சிக்கிக்கொள்ளும். கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கிப் பக்கம் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆற்றுவாழை அடைத்துக் கிடப்பதையும், தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்துத் தடைப்படுவதையும் அவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

"அப்படியானால் முகத்துவாரத்தை எப்போதும் வெட்டி வைத்தால் உப்பு ஏறிச் செடி சாகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உப்பு, செடியை மட்டும் பார்த்துத் தாக்குவதில்லை. தாழ்நில வயல்களுக்குள் உப்பு ஏறினால் வேளாண்மை பாழ். கரையோரக் கிணறுகளும் கெடும். வாவி மட்டம் சட்டென்று இறங்கினால் மீனவர் பாடு திண்டாட்டம். செத்த செடிகளும் மறைந்து போவதில்லை. அடியில் படிந்து அழுகும். எனவே வாயை எப்போது வெட்டுவது என்பது வயற்காரர், மீனவர், நீர்ப்பாசனத் திணைக்களம் எல்லாரும் ஒன்றாக இருந்து எடுக்க வேண்டிய முடிவு.

நம் அடுப்படிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் உண்டு.

முதலாவது, கறிச்சட்டி. பச்சைப் பாய் மூடிய தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்காது. வெளிச்சம் இல்லாவிட்டால் அடியில் வளரும் நீர்ப்புற்களும் நுண்ணிய பாசிகளும் அழியும். மீனுக்கும் இறாலுக்கும் உணவும் உறைவிடமும் அவைதான். அத்தோடு செடிகள் செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடும். மீன் மூச்சுவிட வழியின்றிச் செத்து மிதக்கும். வலை வீச இடமில்லை, தோணி தள்ள வழியில்லை. மீன்காரர் வெறுங்கையோடு வந்தால் சந்தையில் விலை ஏறும். உழைப்பில்லாத மீனவக் குடும்பத்திலோ அன்றைய அடுப்பே எரியாது.

இரண்டாவது, பயணம். மண்டூர்–குருமண்வெளி, அம்பிளாந்துறை–குருக்கள்மடம் போன்ற துறைகளில் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே மக்கள் பல தலைமுறைகளாகப் பாதையில்தான் கடந்து வந்திருக்கிறார்கள். ஆற்றுவாழை வந்து அடைத்தால் பாதை நகராது. பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு அரை மணித்தியாலத் தாமதமும் ஆபத்தல்லவா?

மூன்றாவது, நுளம்பு. இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் நுளம்பு வாவியில் முட்டையிடுவதில்லை. அது உங்கள் முற்றத்திலுள்ள பூச்சாடி, டயர், தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றில் தேங்கிய தண்ணீரைத்தான் தேடி வரும். ஆனால் மன்சோனியா என்று இன்னொரு வகை நுளம்பு இருக்கிறது. அதன் குடம்பி மற்றவை போல் தண்ணீரின் மேலே வந்து மூச்சுவிடாது. மிதக்கும் செடிகளின் வேரில் தன் கூரிய குழாயைக் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சும். செடி இல்லாவிட்டால் அந்த நுளம்பு இல்லை! யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது இதுதான். இலங்கையில் 1947இல் யானைக்கால் தடுப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. கோவா இலைபோல் மிதக்கும் நீர்ச்செடிகளை அகற்றியதும் அந்த நுளம்பைக் கட்டுப்படுத்திய வழிகளில் ஒன்று. 2016இல், யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிய நாடு என உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. கஷ்டப்பட்டுப் பெற்ற அந்த நலனைச் செடிப் புதர்களுக்குள் மீண்டும் தொலைக்கலாமா?

சிரமதானம் செய்தால் போதாதா?

கையால் இழுத்து அகற்றுவது மிக நல்ல வழி. சிறிய இடத்துக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? ஒரு நாள் கூட்டமாக இறங்குவோம். பெக்கோ இயந்திரமும் வரும். படம் பிடிப்போம். தண்ணீர் தெரியத் தொடங்கியதும் திருப்தியோடு வீடு திரும்புவோம். பத்தில் ஒரு பங்கு செடி ஓரங்களில் மிஞ்சியிருக்கும்.

மீண்டும் அந்த வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்து, இரண்டு கிழமையில் இருபது. பிறகு நாற்பது. பிறகு எண்பது. ஆறு கிழமையில் எண்பது பங்கு திரும்பிவிட்டது! இரண்டு மாதத்துக்குள் பழைய கதைதான். ஆக, முதல் நாள் வேலையைவிட அடுத்த மாதங்களின் வேலைதான் முக்கியம். கிழமைக்கு ஒரு முறை நாலு பேர் ஒரு தோணியில் போய் மிச்சங்களைப் பொறுக்கினால் போதும். வீட்டைக் கழுவிய பிறகும் தினமும் கூட்டத்தானே செய்கிறோம்? அது போலத்தான்.

இன்னும் சில நுட்பங்கள் உண்டு. ஆற்றுவாழையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெறும் தண்ணீர். அடர்ந்து வளர்ந்தால் ஒரு ஏக்கரில் 100 தொன் அளவுக்குக்கூட நிறை இருக்கும். இதை ஈரத்தோடு லொறியில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் கூலி கொடுக்கிறோம். கரையில் போட்டுக் காயவிட்டு ஏற்றினால் செலவு பெருமளவு குறையும். ஆனால் தண்ணீர் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகக் கூடாது. மழை வந்தால் எல்லாம் திரும்ப வாவிக்குள்ளே! வெள்ளம் தொடாத மேட்டில்தான் குவிக்க வேண்டும்.

அகற்றும் காலமும் முக்கியம். மாரி தொடங்குவதற்கு முன், நீர்மட்டம் குறைந்து செடி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும் நாட்களில், பூத்து விதை விழுவதற்கு முன்னே செய்தால் பலன் பல மடங்கு. ஆற்று வாயில்களில் மிதவைகள் கோத்த கயிற்றைக் குறுக்கே கட்டி வைத்தால், மேலிருந்து வரும் செடி அங்கேயே தடுபடும். கரையிலிருந்தே இழுத்து எடுக்கலாம்.

மருந்து அடித்தால் என்ன?

களைநாசினி அடித்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். செடி சாகும், உண்மைதான். ஆனால் செத்தது எங்கே போகும்? ஏக்கர் கணக்கான பச்சை ஒரே நேரத்தில் அழுகித் தண்ணீரின் ஒட்சிசன் முழுவதையும் தின்றுவிடும். மீன் மொத்தமாகச் சாகும். தவிர, நாம் பிடித்துத் தின்னும் மீனும், மாடு குடிக்கும் தண்ணீரும், பிள்ளைகள் குளிக்கும் துறையும் அங்கேதான் இருக்கின்றன. வயலுக்கு வாங்கிய மருந்தை வாவியில் தெளிப்பது, சமையலறைக் கரப்பானுக்காகச் சோற்றுப் பானைக்குள் நஞ்சு தெளிப்பதற்குச் சமம்.

ஒரு சின்ன வண்டின் பெரிய வேலை

மருந்து வேண்டாம், கை வலிக்கிறது, வேறு வழியே இல்லையா? உண்டு.

அவுஸ்திரேலியாவில் மவுண்ட் ஐசா என்ற சுரங்க நகரத்துக்கு அருகே மூண்டாரா என்றொரு ஏரி. நகரத்துக்குக் குடிதண்ணீரும் அதுதான், ஓய்வு நாட்களில் மக்கள் படகு விட்டுப் பொழுதுபோக்கும் இடமும் அதுதான். அதைச் சல்வீனியா மூடிவிட்டது. விஞ்ஞானிகள் யோசித்தார்கள். "பிரேஸிலில் மட்டும் இது ஏன் இப்படிப் பெருகவில்லை? அங்கே இதைத் தின்னும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும்!" தேடிப் போனார்கள். அரிசி மணியைவிடச் சிறிய ஒரு கரிய வண்டைக் கண்டுபிடித்தார்கள். சல்வீனியாவைத் தவிர வேறெந்தப் பயிரையும் அது வாழ்விடமாக்காது என்று சோதித்து உறுதி செய்த பிறகு, 1980இல் ஏரியில் விட்டார்கள். வண்டு மொட்டைத் தின்றது. அதன் புழு தண்டைக் குடைந்தது. அடுத்த ஆண்டுக்குள் ஏறத்தாழ 18 ஆயிரம் தொன் செடி அழிந்து, ஏரி தெளிந்தது!

பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றுப் பகுதியில் 250 சதுர கிலோமீற்றர் நீர்ப்பரப்பைச் சல்வீனியா மூடியிருந்தது. தோணியைத் தவிர வேறு பாதையில்லாத கிராமங்கள். பெண்கள் சந்தைக்குப் போக முடியவில்லை. நோயாளர் மருந்துக்குப் போக முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் அங்கும் இதே வண்டு விடப்பட்டது. சில வருடங்களில் ஆறு திறந்தது. கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்று பெயர் வாங்கிக் குட்டநாட்டு வயல்களையும் வாய்க்கால்களையும் அடைத்த செடியும் இதுவே. அங்கும் 1980களில் வண்டுதான் கைகொடுத்தது.

இலங்கைக்கு இந்த வண்டு அவுஸ்திரேலியாவின் உதவியோடு 1986இல் கொண்டுவரப்பட்டது. பல இடங்களில் சல்வீனியா அடங்கியது. இந்தத் திட்டத்துக்குச் செலவான ஒவ்வொரு ரூபாவுக்கும் 53 ரூபா நன்மை கிடைத்ததாக 1989இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆற்றுவாழைக்கு வேறொரு வண்டு 1988இல் விடப்பட்டது. அதன் வேலை மெதுவானது. பசளைச் சத்து மிகுந்த தண்ணீரில் வண்டு தின்னும் வேகத்தைவிடச் செடி வளரும் வேகம் அதிகம். வெள்ளம் வந்து செடியோடு வண்டையும் அள்ளிக்கொண்டு போவதும் உண்டு. ஆகவே ஆற்றுவாழைக்கு வண்டு ஒரு துணை மட்டுமே. கையும் சேர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: வண்டு நல்லது என்று கேள்விப்பட்டதும் யாரும் தாமாகவே எதையும் பிடித்து விடக் கூடாது. அது விவசாயத் திணைக்களத்தார் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

செடிக்குச் சோறு போடுவது யார்?

இப்போது ஒரு கசப்பான கேள்வி. இந்தச் செடியைத் தீனி போட்டு வளர்ப்பது யார்?

வயலுக்குப் போடும் பசளையில் பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடு வாவிக்கு வருகிறது. அது ஒரு பங்கு. மற்றப் பங்கு நம் வீடுகளிலிருந்து போகிறது. வடிகானில் விடும் சவர்க்காரத் தண்ணீர், கழிவறைக் குழியிலிருந்து கசிவது, மீன் கழுவிய கழிவு, கோழிக் குடல், பழுதான சோறு, பொலித்தீன் பையில் கட்டி இரவோடு இரவாகக் கரையில் வீசும் குப்பை... இவை எல்லாம் செடிக்கு விருந்து! சத்து இல்லாத தண்ணீரில் ஆற்றுவாழை நோஞ்சானாக நிற்கும். கழிவு விழும் வாய்க்கால் வாயில் செழித்து எழும்பும். ஒரு கையால் தீனி போட்டு, மறுகையால் பிடுங்கினால் எந்தக் காலத்தில் முடியும்?

தீமையிலும் ஒரு பயன்

பிடுங்கியதை வீணாக்க வேண்டியதில்லை. காயவைத்து நறுக்கிய ஆற்றுவாழையை, மாட்டெரு, காய்ந்த இலை, சிறிது சாம்பலோடு அடுக்கடுக்காகக் குவித்து, ஈரம் காயாமல் பார்த்து, இரண்டு கிழமைக்கு ஒரு முறை புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் அருமையான கூட்டெரு கிடைக்கும். பூத்துக் காய்த்த செடியைச் சேர்க்காதீர்கள், விதை முளைக்கலாம். இன்னொன்று: இந்தச் செடி தண்ணீரிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சும் இயல்புடையது. நகரக் கழிவு வாய்க்காலில் வளர்ந்ததை மரக்கறிப் பாத்திக்குப் போட வேண்டாம், பூமரங்களுக்குப் போடலாம். கால்நடைக்கும் கொடுக்க வேண்டாம்.

காய்ந்த தண்டில் கூடை, தட்டு, பை என்று பின்னி விற்கும் பெண்கள் தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் அஸாமிலும் இருக்கிறார்கள். பன்பாய் இழைக்கத் தெரிந்த நம் பகுதிப் பெண்களின் விரல்களுக்கு இது என்ன பெரிய வேலையா? பங்களாதேஷின் தாழ்நிலப் பகுதிகளில் இந்தச் செடியையே மிதக்கும் பாத்தியாக அடுக்கி, அதன் மேல் வெள்ளக் காலத்திலும் மரக்கறி பயிரிடுகிறார்கள். அந்த முறையை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 2015இல் உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். பயன் இருக்கிறதே என்பதற்காக யாரும் இதை வளர்க்கத் தொடங்கிவிடக் கூடாது. கூடை பின்னி வாவியைத் துப்புரவாக்கிவிட முடியாது. அகற்றும் செலவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம், அவ்வளவே.

வங்காளத்து மக்கள் அதற்கும் முன்னோடி. அங்கே இந்தச் செடி ஆறுகளை அடைத்து, வயலையும் வணிகத்தையும் முடக்கியபோது, 1936இல் சட்டம் வந்தது. 1937 தேர்தலில் கட்சிகள் எல்லாம் "செடியை ஒழிப்போம்" என்று வாக்குறுதி கொடுத்தன! பஸ்லுல் ஹக்கின் அரசாங்கம் அதை ஓர் இயக்கமாகவே நடத்தியது. ஒரு ஊர் பிடுங்கி, அடுத்த ஊர் சும்மா இருந்தால் பலனில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நம் வாவிக்கும் அதே பாடம்தான். எழுவான்கரையில் பிடுங்கினால் படுவான்கரையிலிருந்து மிதந்து வரும். தமிழ்க் கிராமத்தில் பிடுங்கினால் முஸ்லிம் கிராமத்திலிருந்து போகும். செடி யாருடைய கரை என்று கேட்டு ஒதுங்குவதில்லை. இரு கரையும் ஒரே நாளில் இறங்கினால்தான் வாவி தெளியும். எத்தனையோ துயரங்களைக் கண்ட இந்தக் கரைகளில், ஒரே தண்ணீருக்காகக் கை சேர்ப்பது செடியைவிடப் பெரிய எதையோ அகற்றக் கூடும் அல்லவா?

நீங்கள் செய்யக்கூடியவை

ஆற்றுவாழை, சல்வீனியா இரண்டையும் வீட்டுத் தொட்டியிலோ, மீன் தொட்டியிலோ, முற்றத்துக் குட்டையிலோ வைத்திருக்காதீர்கள். அழகுக்கு நம் நாட்டு அல்லியும் தாமரையும் இருக்கின்றன.

ஏற்கனவே இருந்தால் வடிகானிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். வெயிலில் சருகாகக் காயவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள். மீன் தொட்டித் தண்ணீரை மரத்தடியில் ஊற்றுங்கள்.

சமையல் கழிவை வாவிக்கு அனுப்பாமல் வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டிப் போடுங்கள். கழிவறைக் குழி நிரம்பி வழிய விடாதீர்கள்.

வீட்டுக்காரர் தோணியிலோ வயலிலோ வேலை செய்பவரானால், தோணி, வலை, இயந்திரச் சில்லு ஆகியவற்றில் ஒட்டிய செடித் துண்டுகளைக் கழற்றிவிட்டுக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

புதிய இடத்தில் நாலு செடி மிதக்கக் கண்டால் அன்றே பிடுங்குங்கள். பெரிதாகப் பரவியிருந்தால் கிராம சேவகருக்கோ, பிரதேச சபைக்கோ, கமநல சேவை நிலையத்துக்கோ மாதர் சங்கத்தின் பெயரால் எழுத்தில் அறிவியுங்கள்.

துப்புரவு செய்யும் உற்சாகத்தில் கரையோரக் கண்டல் மரங்களை வெட்ட விடாதீர்கள். அவை களை அல்ல. மீன் குஞ்சுகளுக்குத் தொட்டிலும் கரைக்கு வேலியும் அவைதான்.

சகோதரிகளே! நாம் சிறுமிகளாக இருந்தபோது நம் உம்மம்மா வாவி மீனில் ஆக்கிய ஆணத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ருசி கிடைக்குமா, இல்லையா என்பதில் நம் கைக்கும் ஒரு பங்கு உண்டு.

அடுத்த பெருநாள் மாலையிலும் வாவிக்கரைக்குப் போவோம், இன்ஷா அல்லாஹ். மகள் அந்த ஊதாப்பூவைக் காட்டி, "ஊட்டுக்குக் கொண்டு போவமா உம்மா?" என்று கேட்டால், அவளைத் திட்டாதீர்கள். பக்கத்தில் இருத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள். பிறகு இருவருமாகச் சேர்ந்து அந்தச் செடியை வேரோடு இழுத்து, தண்ணீர் தொடாத மேட்டில், வெயில் படும் இடத்தில் போடுங்கள். ஐந்து மாதத்தில் ஆயிரமாகப் போகும் செடி அல்லவா அது!